ஆம்ஸ்ட்ரோங்கின் கடைசி இரவு: எங்கள் ஓராள் நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் மேடையேற்றும் ஓராள் நாடகத்தைப் பற்றித் தொலைபேசியிலும் ஒத்திகை பார்க்க வந்த இடத்திலும் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிரதியை எழுதியவன் நான். மண்டபம், பயணம் பற்றியவற்றைக் குழுவோடு பேசி எழுதினேன்.

நாடகம் யாரைப் பற்றியது?

லூயி ஆம்ஸ்ட்ரோங். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் மிக வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, ட்ரம்பெற் வாசிப்பால் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர். பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தக் கரகரத்த குரல் தெரிந்திருக்கும். 1964இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அவர் பாடிய பாட்டொன்று பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

நாடகம் நடப்பது 1971 ஜூலை 5ஆம் திகதி இரவு. இடம், நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் உள்ள கொரோனா என்ற சாதாரண மக்கள் குடியிருப்பு. அங்கே தன் வீட்டு மாடியறையில் கிழவர் இருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். அது அவருக்குத் தெரியாது, சபைக்குத் தெரியும்.

முழு வாழ்க்கையையும் காட்டாமல் ஒரே இரவை எடுத்தது ஏன்?

பிறந்தார், வளர்ந்தார், புகழ் பெற்றார், இறந்தார் என்று வரிசையாகச் சொன்னால் அது பேச்சுப்போட்டிக்குத்தான் சரி. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி மாதங்களின் உடம்பு. 1968இல் இதயமும் சிறுநீரகமும் பழுதாகி ஆஸ்பத்திரியில் விழுந்தார். அதன்பின் சுமார் இரண்டு வருடம் டொக்டர்மார் அவரை ட்ரம்பெற் ஊத விடவில்லை, பாட மட்டும் விட்டார்கள். 1970இல் மறுபடி ஊதத் தொடங்கினார். 1971 மார்ச்சில், டொக்டர் தடுத்தும் கேளாமல், நியூயோர்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இரண்டு வாரம் மேடையேறினார். முடித்த கையோடு மாரடைப்பு. மே மாதம் வீட்டுக்கு வந்தார். ஜூலை 4இல் பிறந்தநாள் கொண்டாடினார். 5ஆம் திகதி உடம்பு கொஞ்சம் தேறியதாக உணர்ந்து, குழுவினரை ஒத்திகைக்குக் கூப்பிடச் சொன்னார்.

அந்த ஒத்திகைக்காகக் கிழவர் செய்யும் ஆயத்தம்தான் நாடகம். எந்தப் பாட்டு முதலில், யார் எங்கே நிற்பது, உயர்ந்த சுரத்தை இன்றைக்கு எட்டலாமா விடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். மிச்சக் கதையெல்லாம் அந்தக் கணக்குக்கு நடுவில்தான் வருகிறது.

பிறந்தநாள் பற்றி ஒரு விஷயம். 1900 ஜூலை 4இல் பிறந்ததாகவே அவர் கடைசிவரை சொல்லி வந்தார். இறந்து பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த ஞானஸ்நானப் பதிவு, பிறந்தது 1901 ஓகஸ்ட் 4 என்று காட்டியது. அதன்படி, இறந்தபோது எழுபது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாடகத்தில் கிழவர் தனக்கு 71 என்றே சொல்வார், அதை நாங்கள் திருத்தவில்லை.

ஒரே ஆள் எழுபத்தைந்து நிமிடம் யாரோடு கதைக்கிறார்?

ஓராள் நாடகம் எழுதும் எவரையும் முதலில் மறிக்கும் கேள்வி இது. தனியாக இருக்கும் மனிதன் ஏன் வாய்விட்டுப் பேச வேண்டும்? சபையைப் பார்த்துப் பேசினால் அது கதாப்பிரசங்கம். தனக்குத்தானே பேசினால் கொஞ்ச நேரத்தில் செயற்கையாகிவிடும்.

ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்க்கையே இதற்கு வழி காட்டியது. அவருக்கு ஸ்பூல் ரெக்கோடர் என்றால் பைத்தியம். வீட்டில், ஹோட்டல் அறைகளில், நண்பர்கள் கூடும் இடங்களில் எல்லாம் அதை ஓடவிட்டுப் பதிவுசெய்து, நூற்றுக்கணக்கான நாடாக்களைச் சேர்த்து வைத்தார். பகிடிக் கதைகள், மனைவியோடு வாக்குவாதம், பிடித்த இசைத்தட்டுகள் எல்லாம் அதில் உண்டு. நாடாப் பெட்டிகளின் மேல் படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் வெட்டி ஒட்டித் தானே அலங்கரித்தார். அந்த வீடு இன்று நூதனசாலை, பெட்டிகளையும் பாதுகாக்கிறார்கள்.

எங்கள் கிழவரும் ரெக்கோடரோடுதான் கதைக்கிறார். ஓடும்போது ஒரு பேச்சு, நிறுத்திவிட்டு வேறொரு பேச்சு. நாடகத்தின் முழு உயிரும் அந்தப் பொத்தானில் இருக்கிறது. ஓரிடத்தில் நல்லதொரு கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்துப் பொத்தானை அழுத்துவார். அப்புறம் அதே கதை மறுபடி வரும். அந்த முறை அதில் சிரிப்பு இராது.

எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. விளங்குமா?

விளங்கும். கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளச்சமா கேட்டவருக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

கற்பனாஸ்வரம் பாடுபவர் என்ன செய்கிறார்? தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடி, எங்கெங்கோ சுற்றி, சரியாக எடுப்புக்கு வந்து விழுகிறார். ஜாஸ் தனி வாசிப்பும் இதே மாதிரித்தான். ஒரு பாட்டின் சுற்று, பன்னிரண்டு பாரோ முப்பத்திரண்டு பாரோ (பார் என்பது அவர்களுடைய தாள அளவு), திரும்பத் திரும்ப ஓடும். வாசிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும். நமக்கு நடுவில் நிற்பது இராகம். அவர்களுக்கு, பாட்டோடு மாறிக்கொண்டே போகும் சுரக்கூட்டங்கள். ஆம்ஸ்ட்ரோங்குக்கு முன் நியூ ஓர்லியன்ஸ் குழுக்களில் பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்தே பின்னிப் பின்னி வாசித்தார்கள். 1925 முதல் 1928 வரை சிக்காகோவில் அவர் செய்த ஒலிப்பதிவுகள், ஒருவர் தனியே நின்று வாசிப்பதை ஜாஸின் நடுவுக்குக் கொண்டுவந்தன.

வருவதற்கு முன் ஒன்றைக் கேட்க முடிந்தால் 1928 ஜூன் 28இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தொடக்கத்தைக் கேளுங்கள். துணை வாத்தியம் இல்லாமல், தாளம் தொடங்க முன்பே, ட்ரம்பெற் தனியாகச் சில நொடிகள் எழுந்து இறங்கும். அதைக் கேட்டுவிட்டு வந்தால் கிழவர் எதை இழந்துகொண்டிருக்கிறார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நம்மட ஆட்களே எத்தனை பேர் இருக்கிறார்கள். ஏன் அமெரிக்கக்காரர்?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஓர் ஐயா ஒத்திகையில் எழுந்து நின்றே கேட்டார்.

ஆம்ஸ்ட்ரோங் 1901இல் பிறந்தார், நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1898இல். இருவரும் ஊதும் வாத்தியக்காரர்கள், ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில் வாழ்ந்தவர்கள். நாதஸ்வரக்காரர் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரியவர்கள் முன் நின்றே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், பிள்ளை கிராப்பு வெட்டி, சட்டையும் கோட்டும் போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய தோடி இராகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர்களிலேயே வாசிப்பவரின் சாதியைக் கேட்டுத் தள்ளி வைக்கும் பழக்கமும் இருந்தது. நம் பக்கத்திலும், மேளம் வாசிக்க வந்தவர்களுக்கு எங்கே பாய் போட்டார்கள், எதில் தேநீர் கொடுத்தார்கள் என்று கேட்டால் வயதானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ரோங் வாசித்த ஹோட்டல் மண்டபம் நிரம்பி வழியும். அதே ஹோட்டலில் அவருக்கு அறை கிடையாது, முன்வாசலால் நுழையவும் முடியாது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் வாசிப்பதை லூசியானா மாநிலம் 1956இல் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறந்த ஊரான நியூ ஓர்லியன்ஸில் அவர் மறுபடி வாசித்தது 1965இல்தான்.

எங்கள் கிழவர் இதைப் பேசும்போது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தம் ஊர்க் கோயில் வீதி ஞாபகம் வரவேண்டும். உள்ளூர்ப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் யாருடைய குடும்பம், எந்தக் கோயில் என்ற விசாரணையில் நாடகம் முடிந்திருக்கும். தூரத்து மனிதர் என்பதால் எல்லாரும் காது கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரம். சாவீடுகளில் அங்கே பித்தளை வாத்தியக் குழு வரும். சேமக்காலைக்குப் போகும்போது மெதுவான தேவாலயப் பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல். சிறுவர்கள் பின்னால் ஆடிக்கொண்டு ஓடுவார்கள், அதில் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒருவர். சாவீட்டுப் பறைமேளத்தைக் கேட்டு வளர்ந்த கிழக்கு மாகாணத்துப் பிள்ளைக்கு அந்த ஊர்வலம் அந்நியமல்ல. பறை அடிப்பவரை ஊர் எப்படி நடத்தியது என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

அவர் வெள்ளைக்காரருக்குப் பல்லைக் காட்டிப் பிழைத்தவர் என்று வாசித்தேன். அதையும் சொல்வீர்களா?

சொல்கிறோம். நாடகத்தின் நடுப்பகுதி முழுக்க அதுதான்.

பெரிய சிரிப்பு, உருட்டும் கண், வெள்ளைக் கைக்குட்டை. இளைய தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்களுக்கு அது அவமானமாகப் பட்டது. ட்ரம்பெற் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். இன்னொரு ட்ரம்பெற் கலைஞரான டிஸி கில்லெஸ்பியும் முதலில் அப்படியே பேசினார். பின்னாளில் தன் சுயசரிதையில் மனம் மாறி, இனவெறி தன் மகிழ்ச்சியைப் பறிக்க விடாத மனிதரின் சிரிப்பு அது என்று எழுதினார்.

1957 செப்டெம்பரில் நடந்ததைக் கிழவர் ரெக்கோடரை நிறுத்திவிட்டுத்தான் சொல்கிறார். ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்களை உயர்பாடசாலைக்குள் விடாமல் ஆளுநர் படையை நிறுத்தியிருந்தார். வடக்கு டகோட்டாவில் ஒரு ஹோட்டல் அறையில் இளம் நிருபர் ஒருவர் ஆம்ஸ்ட்ரோங்கைப் பேட்டி காண வந்தார். பாட்டைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் ஆம்ஸ்ட்ரோங் வெடித்தார். ஜனாதிபதிக்குத் துணிவில்லை என்றார். என் இனத்தை இப்படி நடத்தும் அரசாங்கத்துக்காகச் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்க மாட்டேன் என்றார். அச்சில் வரமுன் எழுதியதை அவருக்குக் காட்டியபோது ஒரு சொல்லையும் மாற்றவில்லை, சரியென்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். வானொலிகள் சில அவருடைய இசைத்தட்டுகளைப் போட மறுத்தன. சில நாளில் ஜனாதிபதி ஐசனோவர் அந்த மாணவர்களைக் காக்க இராணுவத்தை அனுப்பினார்.

அந்தச் சிரிப்பு வாழ்நாள் முழுக்க ஒரு வேலையாகவும் இருந்தது, உண்மையான சந்தோஷமாகவும் இருந்தது என்பதே என் நிலைப்பாடு. இரண்டையும் அதே நடிகர் அதே முகத்தில் காட்ட வேண்டும். ஒத்திகையில் அதிக நேரம் எடுத்த இடம் இதுதான்.

நடிகருக்கு முகத்தில் கறுப்புப் பூச்சு உண்டா? குரல் மாற்றிப் பேசுவாரா?

பூச்சு கிடையாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து பெரிய வியாபாரமே நடத்தினார்கள். அந்த வரலாறு தெரிந்த பிறகு மேடையில் அதைச் செய்ய மனம் வராது.

குரலும் அப்படியே. கரகரப்பைப் பாவனை செய்தால் சபை மிமிக்ரி பார்க்கத் தொடங்கிவிடும், நடிகரின் தொண்டையும் இரண்டாம் நாளே போய்விடும். எங்கள் நடிகர் அறுபதைக் கடந்தவர், இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவர். தன் குரலிலேயே, நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார். முதுமையை மூச்சில் காட்டுகிறார். மாடிப்படி ஏறி வந்து கதிரையில் உட்காரும் முதல் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை சபை காத்திருக்க வேண்டும்.

மேடையில் ட்ரம்பெற் வாசிப்பாரா?

இல்லை. பதிவை ஓடவிட்டு வாயசைப்பதும் இல்லை. ட்ரம்பெற் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வாய்முனையை மட்டும் எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பார்.

ட்ரம்பெற் வாசிப்பவருக்கு உதடுதான் சீவாளி. நாதஸ்வரத்தில், வாயில் வைத்து ஊதும் அந்தச் சீவாளி கெட்டால் கழற்றி வேறொன்று செருகலாம், வாத்தியத்திலேயே கொத்தாகத் தொங்கும். இவர்களுக்கு அது சொந்தச் சதை. ஆம்ஸ்ட்ரோங் மிக உயர்ந்த சுரங்களை நாள்கணக்காக, பலத்தை எல்லாம் கொடுத்து அழுத்தி ஊதியவர். 1930களில் உதடு பிளந்து இரத்தம் வந்து, ஐரோப்பாவில் மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. தழும்பு கடைசிவரை இருந்தது. ஜெர்மனியில் செய்த ஒரு களிம்பைத் தவறாமல் தடவுவார். எங்கள் நடிகர் அந்தக் களிம்பைத் தடவும் காட்சி மெதுவாகவே போகும். முதலில் மேலுதட்டின் நடு, அப்புறம் ஓரங்கள், விரலை வேட்டித் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி நடு. அவசரப்படாமல் பாருங்கள்.

ட்ரம்பெற் ஒலி ஒரேயொரு முறை கேட்கும். பாடசாலை பாண்டில் வாசிக்கும் ஒரு தம்பி திரைக்குப் பின்னால் நின்று, பழைய தேவாலயப் பாட்டொன்றைச் சவ ஊர்வல நடையில் வாசிப்பான். ஆம்ஸ்ட்ரோங்கின் சொந்தப் பதிவு எதையும் போடவில்லை. அவர் வாசிப்பு ஒலித்தால் மேடையில் இருப்பவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிறுவயதுக் கதை வருமா?

வரும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய இரும்பும் கந்தலும் வாங்கும் ஒரு யூதக் குடும்பத்தின் வண்டியில் ஏழு வயதளவில் வேலைக்குப் போனார். வண்டி வருவதைத் தெருவுக்கு அறிவிக்கத் தகர ஊதல் ஊதுவது அவர் பொறுப்பு, காலையில் நம் ஒழுங்கைகளில் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவது போல. சும்மா ஊதாமல் அதில் பாட்டு வாசித்துப் பிள்ளைகளைச் சேர்த்தார். ட்ரம்பெற் போன்ற வாத்தியமான கோர்னெற்றை முதன்முதலில் வாங்க அந்தக் குடும்பமே கடன் கொடுத்தது. 1969இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். தங்கள் வீட்டில் சாப்பிட வைத்ததையும், சின்னப் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டில் தன்னையும் சேர்த்துக்கொண்டதையும் அறுபது வருடம் மறக்கவில்லை.

1912 டிசம்பர் 31 இரவு, புதுவருடக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டுச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டதும் வரும். முறையாக வாத்தியம் பழகியது அங்கேதான்.

இலங்கைக்கு ஜாஸ்காரர்கள் வந்ததுண்டா?

உண்டு. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களை நாடு நாடாக அனுப்பியது. டேவ் ப்ரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்தார்கள். திருகோணமலையில் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. மேல்நாட்டு வாத்தியங்கள் நம் ஊருக்குப் புதிதல்ல. பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா நடனம் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஆங்கில நாடகம் ஒன்றின் மொழிபெயர்ப்பா?

இல்லை. இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஓராள் நாடகம் உண்டு, அதிலிருந்து நாங்கள் எதுவும் எடுக்கவில்லை. சம்பவங்கள் நடந்தவை. அன்றிரவு அவர் பேசுவதாக வரும் வசனங்கள் என் கற்பனை. அவர் வாயிலிருந்து வந்ததாக யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

பதினான்கு வயதுக்கு மேல் என்றால் வரலாம். கிழவர் கஞ்சா புகைத்ததையும் அதற்காக 1930இல் கைதானதையும் ஒளிக்கவில்லை. பிறந்த இடத்தைச் சுற்றி இருந்த விபசார விடுதிகள் பற்றிய பேச்சும் உண்டு. கெட்ட வார்த்தை சில வரும். பாடசாலையாக வருவதென்றால் பொறுப்பாசிரியர் முதலில் பிரதியை வாங்கி வாசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எத்தனை மணிக்கு முடியும்? கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் திரும்ப வேண்டும்.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிப்போம், இடைவேளை இல்லை. தூரத்திலிருந்து வருபவர்களை நினைத்தே நேரத்தை முன்தள்ளினோம். தொடங்கிய பிறகு கதவு திறக்காது. முதல் காட்சி மூச்சுச் சத்தத்தில் நடப்பதால் கதிரை இழுக்கும் ஓசைகூடக் கெடுத்துவிடும்.

மண்டபத்தில் குளிரூட்டி இல்லை. மின்விசிறியை நிறுத்தினால் சபை வேகும், ஓடவிட்டால் மெல்லிய குரல் பின்வரிசைக்குப் போகாது. அதனால் மேடையில் இருக்கும் ரெக்கோடரின் மைக்கையே உண்மையான ஒலிவாங்கி ஆக்கிவிட்டோம். கிழவர் அதை நெருங்கி முணுமுணுப்பதும் கடைசிக் கதிரைவரை கேட்கும். பொத்தானை நிறுத்தியதும் ஒலிபெருக்கி அணையும், அவர் சொந்தக் குரல் மட்டும் வரும். அந்த நேரங்களில் மட்டும் மின்விசிறிகளை நிறுத்துவோம், சில நிமிடங்கள்தான். கைவிசிறி கொண்டுவந்தால் வசதி.

எங்கள் ஊரில் போட வருவீர்களா?

வருவோம். உயரமான மேடை தேவையில்லை. மூன்று பக்கமும் சபை உட்காரக்கூடிய மண்டபமோ பெரிய வகுப்பறையோ போதும். ஒரு மேசை, கைபிடி உள்ள ஒரு கதிரை, நம்பக்கூடிய ஒரு மின்செருகி இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் நாடகத்தை நிறுத்த மாட்டோம், லாம்பு கைவசம் கொண்டு வருவோம். நூறு பேருக்கு மேல் வேண்டாம், நடிகரின் முகம் தெரியாமல் போய்விடும். போக்குவரத்துச் செலவையும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டால் சரி. முடிந்தால் உங்கள் ஊர் நாதஸ்வரக்காரர், தவில்காரர், பாண்ட் வாசித்த பெரியவர்கள் யாராவது இருந்தால் முன்வரிசைக்கு அழையுங்கள். நாடகம் முடிந்ததும் அவர்கள் பேச அரைமணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.